கப்பா, சட்டியா? முதலில் புல்லைக் கேளுங்கள்

2023 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து இலங்கையில் பிளாஸ்டிக் யோகட் கரண்டிக்குத் தடை. உறிஞ்சு குழல், சாப்பாட்டுத் தட்டு, இடியப்பத் தட்டு, பூமாலை என்று நீண்ட அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் குவளைகளும் இருந்தன. ஆனால் ஒரே ஒரு குவளைக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. அதுதான் யோகட் கப். கரண்டி போயிற்று, கப் தங்கிவிட்டது. மரக்கரண்டி தீர்ந்துபோன கடைகளில் மூடித் தகட்டை மடித்து வழித்துச் சாப்பிடுகிற கலையைத் திருகோணமலைப் பள்ளிப் பிள்ளைகள் கற்றுத் தேர்ந்துவிட்டார்கள்.

கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள ஊர்களின் தயிருக்கோ அந்தத் தடையும் ஒரு பொருட்டில்லை, அந்த விலக்கும் தேவையில்லை. களிமண் சட்டி, வாயில் ஒரு தாள், சுற்றி ஒரு கயிறு. முடிந்தது பொதியிடல். எது சிறந்தது, எதை வாங்கலாம் என்று ஒப்பிட்டு எழுதச் சொன்னார்கள். ஒப்பிடலாம். ஆனால் ஒப்பீடு கடை பிரிட்ஜில் தொடங்கினாலும் அங்கேயே முடிவதில்லை.

கப்புக்குள் என்ன?

திருகோணமலைக் கடைகளில் அடுக்கியிருக்கும் கப்புகளின் பெயர்களை இங்கே எழுதத் தேவையில்லை. விளம்பரப் பாட்டோடு சேர்த்தே அவை வாசகர்களுக்கு மனப்பாடம். மலைநாட்டுப் பச்சையையும் கொழுத்த வெள்ளைக் கறுப்புப் பசுவையும் படமாகப் போட்ட 80 கிராம் கப்புகள் அவை. ஒன்று கரண்டி பட்ட இடத்தில் வெட்டியது வெட்டியபடி நிற்கும். இன்னொன்று ஓரத்தில் நீர் விடும். ஒன்றில் இனிப்புத் தூக்கல், இன்னொன்றில் வனிலா வாசம் தூக்கல். நாலைந்தை வரிசையாக வைத்துக் கண்ணை மூடிச் சுவைத்தால் தெரிகிற வித்தியாசம் சீனியிலும் வாசத்திலும்தான் இருக்கிறது. பாலில் இல்லை.

இருக்கவும் முடியாது. பல இடத்துப் பாலை ஒன்றாகத் திரட்டி, கொழுப்பை அளவுக்குக் கொண்டுவந்து, பால்மா சேர்த்துக் கெட்டியாக்கி, 85 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, 42, 43 பாகைக்கு ஆறவிடுகிறார்கள். பிறகு லக்டோபசிலஸ் பல்காரிகஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தேர்மோபிலஸ் என்ற இரண்டு பக்டீரியாக்களைக் கலந்து கப்பில் ஊற்றிச் சில மணி நேரம் சூட்டறையில் வைத்து, உறைந்ததும் குளிரறைக்கு அனுப்புகிறார்கள். பெயர் எதுவானாலும் வழி கிட்டத்தட்ட இதுதான். பசும்பாலில் திண்மப் பொருள் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்குதான். அதை அப்படியே உறைய வைத்தால் கப்பில் கெட்டியாக நிற்காது. அதனால்தான் பால்மாவும் ஜெலட்டினும் வந்து கைகொடுக்கின்றன.

ஜெலட்டின் என்ற சொல்லைப் பொருட்பட்டியலில் கண்டவர்கள் எத்தனை பேர்? விலங்குகளின் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கப்படும் பொருள் அது. கிண்ணியாவிலும் மூதூரிலும் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. கந்தசஷ்டி விரதத்தில் மரக்கறி மட்டும் உண்கிற வீடுகளிலோ, யோகட் பால்தானே என்று பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். ஜெலட்டின் சேர்க்காத கப்புகளும் இருக்கின்றன. வாசித்துப் பார்த்துத்தான் தேட வேண்டும்.

சீனிக்கு மட்டும் வாசிக்கத் தேவையில்லை, கப்பில் அச்சிட்ட சீனி வட்டத்தின் நிறமே சொல்லிவிடும். 2019இல் திண்ம உணவுகளுக்கும் நீட்டிக்கப்பட்ட அந்த வண்ணக் குறியில், இனிப்பு யோகட்டுகள் பெரும்பாலும் செம்மஞ்சளில் நிற்கின்றன. பாலின் இயல்பான இனிப்பையும் கூட்டினால் ஒரு கப்பில் இரண்டு தேக்கரண்டிச் சீனிக்கு ஈடாக வரும். பிள்ளைக்குச் சத்தென்று கொடுக்கும் பண்டத்துக்கு இது கொஞ்சமல்ல.

கப்பின் பக்கத்திலும் நியாயம் உண்டு. காலாவதித் திகதி இருக்கிறது, தர முத்திரை இருக்கிறது, எங்கே வாங்கினாலும் ஒரே ருசி, வயிற்றுக்குப் பயமில்லை. ஆனால் அந்தப் பயமின்மை மின்கம்பியில் தொங்குகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது, திருகோணமலை வெயிலில் ஒரு சிறுகடை பிரிட்ஜ் எவ்வளவு நேரம் பிரிட்ஜாக இருந்திருக்கும்?

சட்டிக்குள் என்ன?

எருமைப் பாலில் கொழுப்பு ஏழு சதவீதத்தை ஒட்டி இருக்கும். பசும்பாலில் அது நாலை ஒட்டியே நிற்கும். எருமைப் பாலில் திண்மப் பொருள் மொத்தமாகப் பதினாறு, பதினேழு சதவீதம் வரை வரும். பால்மா தேவையில்லை, ஜெலட்டின் தேவையில்லை. காய்ச்சி, ஆறவைத்து, நேற்றைய தயிரில் ஒரு கரண்டியை உறையாக விட்டுச் சட்டியில் ஊற்றினால் விடியும்போது கத்தி வைத்து வெட்டும் பதத்தில் நிற்கும். சட்டியின் மண் கொஞ்சம் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது சட்டி குளிரும். மேலே ஒரு விரற்கடை ஆடை படியும். அந்த ஆடைக்காகத்தான் வீட்டில் சண்டை நடக்கும்.

நிறத்தையும் பாருங்கள். பசும்பாலுக்கு மெல்லிய மஞ்சள் தருவது புல்லிலிருந்து வரும் கரோட்டின். எருமை அதை வைட்டமின் 'ஏ' ஆக மாற்றிவிடுவதால் அதன் பால் சுண்ணாம்பு வெள்ளை. சட்டியைத் திறந்ததும் மஞ்சள் தட்டினால் பசும்பால் கலந்திருக்கலாம் என்று பழகிய கண் சந்தேகப்படும்.

சட்டியைக் கவிழ்த்துக் காட்டுவது தயிர்க்கடைகளின் பழைய வித்தை. "எருமைதானா காக்கா?" என்று கேட்டால் போதும், "கவுத்துப் பாருங்க தம்பி" என்று சட்டி கைக்கு வந்துவிடும். கவிழ்த்தால் விழாது. இது சான்றுதான், ஆனால் பாதிச் சான்று. பால்மா கரைத்து ஊற்றிய தயிரும் விழாமல் நிற்கும். மீதிச் சான்று நாக்கில் இருக்கிறது. பால்மாத் தயிர் மாவாகக் கரைந்து மறைந்துவிடும். எருமைத் தயிர் முதலில் நெய்யாகப் படர்ந்து, பிறகு புளிப்புக் காட்டி, கடைசியில் லேசான புகை மணம் விடும். விறகடுப்பில் பால் காய்ந்ததற்கு அந்தப் புகைதான் அடையாளம்.

சட்டித் தயிர் எல்லாமே தேன் என்று சொல்லவில்லை. கை சுத்தம், சட்டி சுத்தம், உறை சுத்தம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இன்றைய தயிர் நாளை புளிக்கும், நாளை மறுநாள் மோருக்குத்தான் ஆகும். கப்பைப் போல வாரக்கணக்கில் காத்திருக்காது.

தெற்கும் கிழக்கும்

இலங்கைத் தயிர் என்றதும் கொழும்பு வாசகருக்கு நினைவு வருவது தெற்கு. திஸ்ஸமகாராம, வெலிகத்த என்று ஹம்பாந்தோட்டை வீதியோரம் சட்டி அடுக்கிய கடைகளும் கித்துள் பாணியும் அவருக்குப் பழக்கம். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களின் காலை உணவு மேசையிலும் அதே ஜோடிதான் வெளிநாட்டுக்காரருக்குப் பரிமாறப்படுகிறது. தயிர் மட்டும் மகாவலி கங்கை கடந்து வந்தது என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை.

உள்ளூரில் பாணி கட்டாயமில்லை. தயிர், வாழைப்பழம், சீனி. கலியாண வீட்டில் கறியும் சோறும் முடிந்த பிறகு இந்த மூன்றும் வராவிட்டால் சாப்பாடு முடிந்ததாகவே ஆகாது. கோயில்களில் பாலுக்கும் இளநீருக்கும் இடையில் தயிர் அபிஷேகம் நடக்கும். முஸ்லிம் வீட்டு விருந்துக்கும் தமிழ்க் கோயில் பூசைக்கும் ஒரே பட்டியிலிருந்து பால் போகிற மாவட்டம் இது. எந்தப் பிராண்டின் விளம்பரமும் இதைச் சொல்லிக் காட்ட முடியாது.

முன்பு மூதூர்த் தயிர் நகருக்கு லோஞ்சில் வந்தது. கிண்ணியாத் தயிர் பாதைப் படகேறிக் கடந்தது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்து, அடுத்தடுத்து மட்டக்களப்பு வீதியின் மற்றப் பாலங்களும் வந்தபின் சட்டிகள் வாகனம் ஏறின. சந்தை அகன்றது. சட்டி அதிகம் வேண்டும், பால் அதிகம் வேண்டும். அந்தப் பாலுக்குப் புல் எங்கே என்ற கேள்விதான் மிச்சம்.

மேய்ச்சல் தரை எங்கே?

நாட்டு எருமை ஒரு நாளைக்குக் கறப்பது ஓரிரு லீற்றர்தான். கட்டிப்போட்டுத் தீனி வாங்கிக் கொடுத்தால் கணக்குக் கட்டாது. பட்டியாகத் திறந்துவிட்டு, விடியற்காலை ஒருமுறை கறந்து, மிச்சத்தைக் கன்றுக்கு விடுவதுதான் இந்த மாவட்டத்தின் முறை. எருமைக்குப் புல் மட்டும் போதாது, சேறும் வேண்டும். வியர்வைச் சுரப்பிகள் குறைவான விலங்கு அது. நண்பகலில் தண்ணீரில் கிடக்காவிட்டால் உடல் சூட்டைத் தாங்காது, பாலும் இறங்கிவிடும்.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி மூதூருக்கருகே கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் வெள்ளம் வடிந்த பின் புல் தழைக்கும் வில்லுகள் எருமைக்கென்றே அமைந்தவை போன்றவை. மேலே அணைகள் எழுந்ததும் வெள்ளத்தின் போக்கு மாறியது. 1980களில் ஆற்றோரத்தின் பெரும் பகுதிகள் தேசிய பூங்காக்களாயின. வன ஒதுக்கீடு, புதிய வயல், புதிய குடியேற்றம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு துண்டாகப் புல்வெளியை எடுத்துக்கொண்டன. போர்க்காலத்தில் ஊரைவிட்டு ஓடியவர்கள் கைவிட்ட பட்டிகள் பலருக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை.

மழை தொடங்கிப் பெரும்போகம் விதைக்கும் காலம் வந்தால் நெருக்கடி உச்சத்துக்குப் போகும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மாடுகளை வயற்பகுதியிலிருந்து அகற்ற வேண்டிய கடைசித் திகதி குறிக்கப்படுகிறது. எங்கே கொண்டுபோவது என்பதுதான் குறிக்கப்படுவதில்லை. வயல்காரருக்குப் பயிர் முக்கியம், வனக் காவலருக்கு மரம் முக்கியம். இரண்டும் நியாயம்தான். ஆனால் வேலிக்கும் காட்டுக்கும் நடுவில் நிற்கிற பட்டிக்காரருக்குக் காலடி நிலமும் இல்லை.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலைக் கடந்தபோது வந்த ஓரிரு நாள் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் செத்து விழுந்தன. குளிர்தான் கொன்றது என்றார்கள். சரிதான். ஆனால் வயிறு நிறைய மேய்ந்த மாடும், ஒதுங்க ஒரு மேடு கிடைத்த மாடும் அந்தக் குளிரை இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கும் என்பதே என் எண்ணம். அடுத்த ஆண்டு செப்டம்பரில், எல்லைக்கு அப்பால் மட்டக்களப்பில், மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காகப் பாற்பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்தார்கள். அங்கே நடப்பது இங்கே நடக்காது என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை.

உழவுக்கும் சூடு மிதிக்கவும் எருமை தேவைப்பட்ட காலத்தில் வயல்காரரே அதைக் காப்பாற்றினார். உழவு இயந்திரம் வந்ததும் அந்தப் பிணைப்பு அறுந்தது. இன்று எருமையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது தயிர்ச் சட்டி ஒன்றுதான். சட்டி விலை போகாவிட்டால் பட்டி இறைச்சிக் கடைக்குப் போகும். புல் இல்லாவிட்டாலும் முடிவு அதேதான். பால் குறையும்போது சட்டியை நிரப்ப மிஞ்சுவது பால்மாப் பை. நாட்டின் பால்மாவில் பெரும்பங்கு கப்பலில் வருவது. 2021இலும் 2022இலும் அதற்காக வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. எருமையின் நாட்டில் பால்மாவைக் கரைத்து உறையவைத்து எருமைத் தயிர் என்று விற்கும் நிலை வந்தால், கப்புக்கும் சட்டிக்கும் மிஞ்சுவது பாத்திர வித்தியாசம் மட்டுமே.

முத்திரைக்கு முன் எல்லைக்கல்

பங்களாதேஷின் பொக்ரா ஊர்த் தயிரும் மண்சட்டியில்தான் உறைகிறது. 2023இல் அதற்கு அந்நாடு புவிசார் குறியீடு வழங்கியது. இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. கொட்டியாரத் தயிருக்கும் அப்படி ஒரு முத்திரை வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதல் ஆளாகக் கைதூக்குவேன்.

ஆனால் முத்திரை இடத்தின் பெயருக்குக் கிடைப்பது. அந்த இடத்தின் புல் வரைபடத்தில் இல்லாமல், பெயரை மட்டும் சட்டியில் ஒட்டி என்ன பயன்? பிரதேச செயலகப் பிரிவு தோறும் மேய்ச்சல் தரையை அளந்து எல்லைக்கல் நட்டு வர்த்தமானியில் அறிவிப்பது முதல் வேலை. பெரும்போக மாதங்களில் பட்டி போய்வரப் பாதையையும் தண்ணீர் இருக்கும் தாழ்நிலத்தையும் சேர்த்தே குறிக்க வேண்டும். முத்திரை, ஏற்றுமதி, சுற்றுலா மேசை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிராண்ட் ஒப்பீடு கேட்டவர்களுக்கு என் தீர்ப்பு சுருக்கமானது. பிள்ளையின் பள்ளிப் பைக்கும் நீண்ட பயணத்துக்கும் கப் வாங்குங்கள். சீனி வட்டத்தையும் ஜெலட்டின் வரியையும் பார்த்து வாங்குங்கள். வீட்டு மேசைக்குச் சட்டி வாங்குங்கள். சட்டி வாங்கும்போது விலை கேட்கும் முன் பட்டி எங்கே மேய்கிறது என்று கேளுங்கள். கடைக்காரருக்கு அந்த ஊர்ப் பெயர் தெரிந்திருந்தால் பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்துவிடுங்கள். தெரியாவிட்டால் கப்பே போதும்.