குறைமாதக் குழந்தையின் கை கால் அசைவு

எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லையென்று கலங்கும் தாய்மார் பலர். அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதால் எழும் கலக்கம் இது. 37 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தையின் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிடலாகாது. மருத்துவர் குறித்திருந்த பேறுகால நாளிலிருந்தே கணக்கிடவேண்டும். 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்போது, வளர்ச்சிக் கணக்கில் ஏறக்குறைய மூன்று மாதமே. இரண்டு வயது வரை இக்கணக்கையே கொள்வது வழக்கம்.

ஆனால், "குறைமாதந்தானே, மெல்லத்தான் வளரும்" என்று எல்லாவற்றையும் தள்ளிப்போடுவதும் நன்றன்று. மூளை முடக்குவாதம் இக்குழந்தைகளுக்கே மிகுதியாக நேர்கிறது. முன்னாளில் ஓராண்டோ ஈராண்டோ கழிந்த பின்னரே அது உறுதியாகத் தெரியவரும்.

வியன்னாவில் பிறந்த ஹைன்ஸ் பிரெக்டல் என்னும் மருத்துவ அறிஞர் இதற்கொரு வழி கண்டார். குழந்தையைத் தட்டியும் இழுத்தும் சோதிப்பதை விடுத்து, அது தானாக அசைவதை அமைதியாக நோக்கினார். முறை எளியது. பசியோ அழுகையோ இன்றி விழித்திருக்கும் குழந்தையை மல்லாக்கக் கிடத்திச் சில நிமிடங்கள் படம்பிடிப்பர். அந்நேரம் கிலுகிலுப்பை ஆட்டலாகாது. கொஞ்சிப் பேசவும் கூடாது. (பாட்டிமாருக்கு இது கடினந்தான்!)

திருத்திய கணக்கில் மூன்று மாதமளவில், கழுத்து, உடல், கை, கால் எங்கும் சின்னஞ்சிறு அசைவுகள் எல்லாத் திசையிலும் இடைவிடாது ஓடவேண்டும். 1997-இல் 130 குழந்தைகளைப் பற்றி பிரெக்டல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வியப்பளிப்பது. இவ்வசைவு செவ்வனே இருந்த 70 பேரில் 67 பேருக்கு நரம்பு வளர்ச்சியில் குறையில்லை. அசைவு இல்லாத, அல்லது மாறுபட்டிருந்த 60 பேரில் 57 பேருக்குப் பின்னர் குறை காணப்பட்டது. அதற்கும் முன்பே, பேறுகால நாளையொட்டிய வாரங்களில், கை, கால், உடல் எல்லாம் ஒருங்கே விறைத்து ஒருங்கே தளருமாயின் அதுவும் எச்சரிக்கையே.

இதைப் பெற்றோர் தாமே பார்த்து முடிவு கட்டலாகாது. பயிற்சி பெற்ற கண்களே அதற்கு வேண்டும். மருத்துவர் நரம்புச் சோதனையையும் மூளைப் படத்தையும் சேர்த்தே முடிவு கூறுவார். அங்ஙனம் ஆறு மாதத்திற்குள் அறிந்துகொண்டால், மூளை இன்னும் உருப்பெற்றுவரும் காலத்திலேயே பயிற்சிச் சிகிச்சையைத் தொடங்கலாம். ஆகவே, மருத்துவமனையிலிருந்து குழந்தையை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் நாளிலேயே, திருத்திய மூன்றாம் மாதத்தில் எந்நாள் காட்டவேண்டுமெனக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.