கற்பனைக் குழு

இங்கிலாந்துப் பிரிமியர் லீக் காற்பந்தாட்டங்களை வார இறுதியில் இரவு விழித்துப் பார்ப்போர் நம்மிடையே பலர். அவர்களுள் சிலர் சொந்தமாக ஒரு குழுவையும் வைத்திருக்கின்றனர். அது கற்பனைக் குழு. ‘ஃபேண்டசி பிரிமியர் லீக்’ எனப்படும் இந்த இணைய விளையாட்டில் சேரக் கட்டணம் இல்லை.

சேர்பவருக்குக் கற்பனைப் பணமாக 100 மில்லியன் பவுண்டு தரப்படும். அதைக் கொண்டு 15 ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும். புகழ்பெற்றவர்களின் விலை அதிகம்; அவர்களை மட்டுமே வாங்கினால் பணம் போதாது. ஆகவே, குறைந்த விலையில் கிடைக்கும் திறமைசாலியைக் கண்டுபிடிப்பதில்தான் சுவையே இருக்கிறது. அதற்காக, அதுவரை ஏறெடுத்தும் பார்க்காத சிறிய குழுக்களின் ஆட்டங்களையும் கூர்ந்து கவனிக்க நேரிடும்.

வாங்கிய ஆட்டக்காரர் உண்மையான திடலில் சிறப்பாக ஆடினால் புள்ளிகள் கிடைக்கும். தாக்குதல் ஆட்டக்காரர் கோல் போட்டால் 4 புள்ளிகள். தற்காப்பு ஆட்டக்காரர் போட்டால் 6. அவர் கோல் போடுவது அரிதல்லவா? குழுத்தலைவராக நியமிக்கப்பட்டவரின் புள்ளிகள் இரட்டிப்பாகும்.

இதில் ஒரு தர்மசங்கடமும் உண்டு. லிவர்பூல் குழுவை உயிராக நேசிக்கும் மாணவி ஒருத்தி, மான்செஸ்டர் சிட்டி ஆட்டக்காரர் ஒருவரைத் தன் குழுத்தலைவராக வைத்திருக்கிறாள் என்று கொள்வோம். அவ்விரு குழுக்களும் மோதும் நாளில் அவர் கோல் போட்டால் அவள் மகிழ்வாளா, வருந்துவாளா? புள்ளி போனாலும் போகட்டும் என்று, அந்த வாரம் மட்டும் அத்தகையவரை உட்கார வைத்துவிடுவோரும் உண்டு.