வெண்மணல் பிறந்த கதை: ஹேவ்லாக் தீவும் விருந்தாளிகளாகிய நாமும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் எல்.டி.சி. எடுத்து அந்தமான் போய் வந்தவர்கள் பலர். அவர்களில் சிலர் வீட்டு ஷோகேஸில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு சங்கோ, பவளத் துண்டோ அமர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கும் அந்த ஆசை இருந்தது. ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் என் மகள் பொறுக்கிய வெள்ளைப் பவளத் துண்டு ஒன்று, ஊர் திரும்பும் நாளில் விமான நிலையச் சோதனையில் அகப்பட்டுக்கொண்டது.

சோதனையில் இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "பாப்பா, இத கல்லுன்னு நெனச்சியா? இது உயிரோட இருந்ததும்மா. இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி வாங்கி ஒரு தட்டில் போட்டார். குழந்தை முகம் வாடியதைப் பார்த்து, "ஒரு துண்டுதானே சார்" என்றேன். "எல்லாருமே ஒரு துண்டுதான் சார் கொண்டு வர்றாங்க" என்றார். தட்டைப் பார்த்தேன். நிறைந்திருந்தது. அந்தப் பதிலுக்குப் பொருள் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

தீவும் அதன் மக்களும்

அந்தமான் தலைநகரிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், ரிச்சி தீவுக்கூட்டத்தில் உள்ளது ஹேவ்லாக். ஆங்கிலேயப் படைத்தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கியிருந்த இத்தீவுக்கு, 2018 டிசம்பர் 30 அன்று 'சுவராஜ் த்வீப்' என்று பெயர் மாற்றப்பட்டது. நேதாஜி அந்தமானில் கொடியேற்றிய 75-ஆம் ஆண்டு நிறைவு நாள் அது. போர்ட் பிளேயரும் 2024-ல் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆயிற்று. இருந்தாலும் கப்பல் டிக்கெட் வாங்கும் நம்மவர் வாயில் இன்னும் பழைய பெயர்களே புழங்குகின்றன.

இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர், கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து 1950-களில் குடியமர்த்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். கோவிந்த நகர், ஷியாம் நகர், கிருஷ்ண நகர், ராதாநகர் என்று ஊர்களுக்கு அவர்கள் வைத்த பெயர்களே அந்தக் கதையைச் சொல்லும். நெல்லும், தென்னையும், பாக்கும் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். 2004-ல் 'டைம்' இதழ் ராதாநகரை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. அதன் பிறகு சுற்றுலா வேகமாக வளர்ந்தது. வயலுக்குப் பக்கத்தில் விடுதி எழுந்தது, மீன் பிடித்த படகு பயணிகளை ஏற்றியது. 2011 கணக்கெடுப்பின்படி தீவின் மக்கள்தொகை ஆறாயிரத்துச் சொச்சம்தான். அந்தமான் நிக்கோபார் முழுவதற்குமே 3,80,581 பேர். அவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆனால் கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் வந்துபோன பயணிகளோ ஆண்டுக்கு ஐந்து லட்சத்தை ஒட்டி! வீட்டில் உள்ளவர்களைவிட விருந்தாளிகள் அதிகம்.

மணல் எங்கிருந்து வருகிறது?

நம் மெரினா மணலில் ஆறுகள் மலைப்பாறையை அரைத்துக் கொண்டு வந்து சேர்த்ததே மிகுதி. ஹேவ்லாக்கில் அப்படிப்பட்ட பெரிய ஆறு கிடையாது. அங்குள்ள வெண்மணலில் பெரும்பகுதி பவளம், கிளிஞ்சல், சுண்ணாம்புச் சத்துள்ள பாசி ஆகியவற்றின் பொடி.

பவளம் என்பது கடுகு முதல் விரல்நகம் வரையிலான அளவுள்ள எண்ணற்ற சிறு உயிர்கள் கூடிக் கட்டும் வீடு. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்து, வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கின்றன. அந்தப் பலத்தில்தான் பவளம் சுண்ணாம்பை எடுத்து மதில் கட்டுகிறது. கிளிமீன்கள் அந்த மதிலைத் தம் அலகு போன்ற பல்லால் சுரண்டிப் பாசியைத் தின்று, சுண்ணாம்பை மணலாகக் கழிக்கின்றன. ஒரு பெரிய கிளிமீன் ஆண்டுக்குச் சில நூறு கிலோ மணல் தரவல்லது. மீதியை அலை அரைக்கிறது. ஆக, நாம் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் அந்த மணலே உயிர்கள் ஈட்டிய சேமிப்பு.

கடல்நீரின் சூடு வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே, பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் அந்தமான் பவளங்கள் இப்படி வெளுத்தன. சூடு தணிந்தால் சில பிழைக்கும், பல மடியும். நோயிலிருந்து தேறிவரும் பவளத்தின் மேல்தான், முகமூடி போட்டுக்கொண்டு மீன் பார்க்கப் போகிறவர்கள் களைப்பாற ஏறி நிற்கிறார்கள்.

நம் கடற்கரை சொல்லும் பாடம்

"பவளம் போனால் என்ன, தீவு இருக்குமே" என்று தோன்றலாம். இதற்கு விடை நம் மன்னார் வளைகுடாவிலேயே இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் அங்கே பல்லாண்டுக் காலம் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த மதில் போனதும் கரை கரைந்தது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் மூழ்கின. இன்று அலைக்கு மேலே மீந்திருப்பவை பத்தொன்பது. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் சுருங்கியதால், அதைக் காக்கச் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்க வேண்டியதாயிற்று.

இந்தக் காரணத்தால்தான், 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-ல் பவளங்களும், கடல் அட்டைகளும், சில சங்கு வகைகளும் சேர்க்கப்பட்டன. வெறும் கிளிஞ்சலுக்கும் கரையில் வேலை உண்டு. துறவி நண்டின் வயிறு மென்மையானது. பிறர் விட்டுப்போன ஓட்டில்தான் அது குடியிருக்கும், வளர வளரப் பெரிய ஓட்டுக்கு மாறும். ஓடு கிடைக்காத கரைகளில் பாட்டில் மூடியைச் சுமந்து திரியும் நண்டுகளை உலகின் பல இடங்களில் படம் பிடித்திருக்கிறார்கள்.

யானையும் முதலையும் கடற்பசுவும்

அந்தமான் காட்டில் புலி, சிறுத்தை இல்லை. யானையும் இயற்கையாக அங்கே வாழ்ந்ததன்று. மரம் இழுப்பதற்காகக் கப்பலில் கொண்டுவரப்பட்டது. ஹேவ்லாக்கில் கடலில் நீந்திப் புகழ்பெற்ற ராஜன் என்ற யானையும் அப்படி வந்ததே. 2002-ல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. மரவேலையிலிருந்து ஓய்வுபெற்ற ராஜன் தீவிலேயே வாழ்ந்து 2016-ல் மறைந்தது.

உப்புநீர் முதலையோ இம்மண்ணின் பழங்குடி. 2010-ல் ஹேவ்லாக்கில் முதலை தாக்கி அமெரிக்கப் பயணி ஒருவர் உயிரிழந்தார். அலையாத்திக் காட்டு ஓடைகள் கடலில் கலக்கும் இடங்களில் குளிக்கக்கூடாது என்பதும், எச்சரிக்கைப் பலகையை மதிக்க வேண்டும் என்பதும் அதனால்தான். யூனியன் பிரதேசத்தின் மாநில விலங்கான கடற்பசுவும் ரிச்சி தீவுக்கூட்டத்தின் கடற்புல் மேடுகளில் மேய்கிறது. நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அதே பிராணிதான். படகு வேகத்துக்கு ஒதுங்கத் தெரியாத சாது.

தண்ணீர்க் கணக்கு

அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, சென்னையைப்போல் இரண்டு பங்குக்கும் மேல். ஆனால் சிறிய தீவில் பெய்த மழை ஓடிக் கடலில் சேர்ந்துவிடும். மே முதல் டிசம்பர் வரை மழை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வறட்சி. கடல் அமைதியாக இருக்கிறது என்று நாம் கூட்டமாகப் போவது அந்த வறண்ட மாதங்களில்தான்! விடுதிக் குளியலறையில் நாம் திறந்துவிடும் குழாயும், ஊர்க்காரர் வீட்டுக் குடமும் ஒரே மண்ணின் நீரையே நம்பியிருக்கின்றன. அரிசி, பருப்பு முதல் சிமென்ட் வரை பல பொருள்கள் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலில் வர வேண்டும். வந்த பொருளின் உறையும் பாட்டிலும் திரும்பிப் போக வழி குறைவு.

போகாமல் இருக்க வேண்டுமா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் இல்லை. பயணிகள் வராத கொரோனாக் காலத்தில் தீவுக்காரர்கள் பட்ட பாடு சிறிதன்று. அவசியம் போங்கள். பவளத்தின் மேல் கால் ஊன்றாதீர்கள், மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். வாளியில் பிடித்துக் குளியுங்கள். கொண்டுபோன காலிப் பாட்டிலை மட்டும் பையில் திரும்பக் கொண்டு வாருங்கள்.

ஊர் வந்த பிறகு மகள் அந்தத் துண்டைப் படமாக வரைந்து ஷோகேஸ் கண்ணாடியில் ஒட்டி வைத்தாள். வருகிறவர்கள் அது என்னவென்று கேட்கிறார்கள். அவளே கதை சொல்கிறாள்.