கயாக்கும் கட்டுமரமும்

திருச்செந்தூர்க் கடற்கரையில் சிறிது நேரம் நின்று நோக்குவார்க்கு, அலை மடிந்து விழும் இடத்தைக் கடத்தலே கடற்றொழிலின் முதற் பரீட்சை என்பது விளங்கும். அப்பரீட்சைக்கு உலகின் இரு கோடியிலுள்ள மாந்தர் இருவேறு விடை கண்டனர். நீரைச் சிறிதும் உள்ளே விடாமை ஒன்று. வந்த நீரை வந்தவாறே போக்கிவிடுதல் மற்றொன்று.

முன்னதைக் கண்டவர் கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள். வடதுருவத்தை அடுத்த அந்நாட்டில் ஓடத்துக்கேற்ற மரம் வளர்வதில்லை. ஆதலின் கடல் ஒதுக்கிய மரத்துண்டுகளாற் சட்டம் அமைத்து, கடல்நாயின் தோலை அதன்மேற் போர்த்துத் தைத்தனர். அதுவே கயாக்கு. ஒருவனே அமர்தற்குரிய அதன் வாயோடு அவனது தோற்சட்டையின் விளிம்பை இறுகப் பொருத்திவிடின், ஆளும் ஓடமும் ஓருடலாம். கவிழ்ந்தால் என் செய்வது? பனிக்கட்டி மிதக்கும் நீரில் நீந்திப் பிழைத்தல் அரிது. எனவே, தலைகீழாய்க் கிடந்தபடியே துடுப்பை வீசி நிமிரக் கற்றனர். துடுப்பை இழந்தார்க்கு ஒரு முறை, கை சிக்குண்டார்க்கு ஒரு முறை எனப் பலவும் வகுத்தனர். வேட்டையிற் பெரும்பகுதி இன்று எந்திரப் படகுக்கு மாறிவிட்டது. புரண்டெழும் வித்தையோ மாயவில்லை. அந்நாட்டுக் கயாக்குப் போட்டிகளில் கையிற் கல்லைப் பற்றியும், கைகளை மார்போடு மடக்கியும் புரண்டெழுகின்றனர்!

பின்னது நம்முடையது. இலேசான மரங்கள் சிலவற்றைச் செதுக்கிக் கயிற்றாற் பிணைத்ததே கட்டுமரம். மேலேறிய நீர் இடுக்குவழியே வடிந்துவிடும், இறைக்க வேண்டுவதில்லை. கவிழினும் மூழ்காது. கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவர். நனைந்த மரம் கனக்குமன்றோ?

விளையாட்டுலகில் இவ்விரண்டின் கதியும் வேறாயிற்று. கயாக்கு பெயரோடும் வடிவோடும் ஐரோப்பாவிற் புகுந்து, 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கிற் பந்தயமாயிற்று. கட்டுமரமோ பெயரை மட்டும் அனுப்பிற்று. 1976இல் மாண்ட்ரீயலிற் பாய்விரித்தோடிய ‘காட்டமரான்’ இரண்டு ஓடங்களைக் குறுக்குச் சட்டத்தால் இணைத்தது. வடிவத்தில் அதற்கு உறவு பசிபிக் தீவினரின் இரட்டை ஓடமே. ஒலிம்பிக்கில் தமிழ்ச்சொல் ஒலிக்கிறதென்று நாமும் ஒருகாலத்துப் பெருமை பேசியதுண்டு.

நம் கரைகளிற் பைபர் படகும் எந்திரமும் வந்துவிட்டன. அதனைக் குறைகூறோம், உழைப்பின் கடுமை அறியாத நாம் குறைகூறல் தகாது. ஆயினும் தொண்டி வட்டாரத்திற் பாய்மரப் படகுப் போட்டி நடத்துவோர் உளர். அமலிநகரிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் கட்டுமரம் செலுத்திய முதியோர் இருக்கும்போதே, அலை கடக்கும் பந்தயம் ஒன்று இங்கும் வைத்தலாகாதா? சில கட்டுமரங்களும் துடுப்புகளும் போதும், அலைக்குப் பஞ்சமில்லை.