கன்னியர் மடத்தில் ஒரு நீர்ப்பிராணி

மெக்சிக்கோ நாட்டின் பாட்ஸ்குவாரோ ஏரிக்கே உரியது அச்சோக்கே என்னும் சலமாண்டர். பல்லியின் உருவும், வாழ்நாள் முழுதும் மறையாத இறகு போன்ற செவுள்களும் கொண்டது. அவ்வூர்ப் புனித தோமினிக் சபைக் கன்னியர் அதனைக்கொண்டு இருமல் மருந்து செய்து விற்று, மடத்துச் செலவுக்குப் பொருள் ஈட்டி வந்தனர்.

ஏரி மாசுற்றது, வெளியிலிருந்து கொணர்ந்து விட்ட மீன்கள் பெருகின, அச்சோக்கே அருகியது. கன்னியரோ மடத்து அறைகளிலேயே கண்ணாடித் தொட்டிகளும் குளியல் தொட்டிகளும் வைத்து, நீரைத் தூய்மையாய்க் காத்து, முட்டையிலிருந்தே அவற்றை வளர்க்கலாயினர். அழியும் தறுவாயிலுள்ள அவ்வினத்துக்கு இன்று அம்மடம் ஒரு புகலிடம். உயிரியல் அறிஞரும் அவர்களோடு கைகோத்துள்ளனர்.

மருந்துக்காக எடுத்த கைகளே காக்கும் கைகளாயின. நாமும் நம் வீட்டில் மீன் வளர்க்கிறோம். தொட்டி நீரை மாற்றும் பொறுப்பை நம் பிள்ளைகளிடம் ஒப்படைப்போம். படைப்பைப் பேணும் பாடம் அங்கே தொடங்கட்டும்.