முட்டைக்குத் தண்ணீர் சுமக்கும் பறவை

மல்லாங்கிணற்றுச் சுட்டிகளே! “கண்மாய்க் கரையில் நடந்தாலே ஒரு பறவை தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறதே, ஏன்?” என்று கேட்டீர்கள் அல்லவா? சபாஷ்! பறவையைப் பார்ப்பவர்கள் பல பேர். ஏன் என்று கேட்பவர்கள் சில பேர்தான்.

அதுதான் ஆள்காட்டி. நீண்ட மஞ்சள் கால், கறுப்புத் தலை, கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல் மடிப்பு. தண்ணீர் இல்லாத பொட்டலில் இதன் உறவுக்காரர் ஒருவரையும் பார்க்கலாம். அவருக்கு அந்த மடிப்பு மஞ்சள் நிறம்.

ஆப்பிரிக்காவிலும் ஓர் உறவு உண்டு. கென்யா முதல் தென்னாப்பிரிக்கா வரை ஈர நிலங்களில் சாதாரணமாகத் திரியும். ‘டிங், டிங்’ என்று இரும்பைத் தட்டுவது போலக் கத்துவதால் அதற்குக் கொல்லன் ஆள்காட்டி என்று பெயர். கோபமும் நம்மூர் ஆள்காட்டிக்கு உள்ளதேதான்!

சரி, ஏன் இந்தக் கோபம்? ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில் சின்னக் குழி. சுற்றிலும் கூழாங்கல், சில சமயம் ஆட்டுப் புழுக்கை. அதில் பெரும்பாலும் 4 முட்டைகள். மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருப்பதால் பக்கத்தில் நின்றாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. நாம் மிதித்துவிடக் கூடாதே என்றுதான் அந்தக் கூச்சல்.

இப்போது ஒரு கேள்வி. அடைகாப்பது எதற்கு? “முட்டையைச் சூடாக்க” என்பீர்கள். பாதி சரி! சித்திரை வெயிலில் நம் கரிசல் தரை எப்படிச் சுடும் என்று உங்கள் பாதத்துக்குத் தெரியும். அந்தச் சூட்டில் முட்டையை அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் குஞ்சு செத்துப்போகும். அதனால் தாயும் தந்தையும் மாறி மாறி நின்று நிழல் கொடுக்கும்.

இன்னொரு வேலையும் செய்யும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தண்ணீருக்குப் போய் வயிற்று இறகுகளை நன்றாக நனைத்துக்கொண்டு வந்து, முட்டைமேல் உட்காரும்! ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், முட்டை குளிரும். குளித்துவிட்டுத் துவட்டாமல் காற்றில் நின்றால் உடம்பு சிலிர்க்கிறதே, அதே காரணம். புரிந்ததா? குஞ்சு பொரித்த பிறகும் இப்படித்தான் அதன் சூட்டைத் தணிக்கும்.

இப்படி அடைகாப்பது 28 முதல் 30 நாள். பொரித்த குஞ்சு சீக்கிரமே எழுந்து ஓடும். பெற்றோர் எச்சரித்தால் தரையோடு ஒட்டி அசையாமல் படுத்துக்கொள்ளும்.

பிள்ளைகளே, ஆள்காட்டி கத்தினால் முட்டையைத் தேடாதீர்கள். காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்புங்கள். நீங்கள் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் கிடக்கிறது.