படிக்கும்போது பாட்டு

மாட்டுங்காவின் சண்முகானந்தா அரங்கில் கருநாடக இசை ஒலிக்கிறது. தாராவியின் சந்துகளில் இளைஞர் ராப் பாடிப் பழகுகின்றனர். இரண்டையும் கேட்டு வளரும் மாணவர் சிலர், ஹெட்போன் அணிந்தவாறே பாடம் படிக்கின்றனர். அது கவனத்தைக் கூட்டுமா, குலைக்குமா?

விடை, பாடலில் சொற்கள் உள்ளனவா என்பதைப் பெரிதும் சார்ந்தது. படிக்கும் சொற்களை நம் மனம் சிறிது நேரம் ஒலியாகவே தாங்கி நிற்கிறது. பாட்டின் சொற்களும் அவ்விடத்திற்கே போட்டியிடுகின்றன. சலமே, பேடலி என்னும் அறிஞர்களின் 1989ஆம் ஆண்டு ஆய்வில், எண்களை வரிசையாக நினைவுகூர்வதற்குக் கருவியிசையைவிட வாய்ப்பாட்டே மிகுந்த இடையூறாக இருந்தது. தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் அறிந்த மும்பை மாணவருக்குப் பொருள் விளங்கும் பாடல்கள் பல. ஆகவே கவனத்தை ஈர்ப்பவையும் பல. நாகசுரத்தில் சொற்கள் இல்லைதான். ஆயினும் அதனருகில் அமர்ந்து கணக்குப் போடுவது அரிது!

மொசார்ட்டின் இசை அறிவை வளர்க்கும் என்று ஒரு பேச்சு உண்டு. 1993இல் கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவரிடம் காணப்பட்ட அப்பயன், 10 முதல் 15 நிமிடங்களே நீடித்தது. அவர்களும் தேர்வுக்கு முன்னரே இசையைக் கேட்டனர், எழுதும்போது அன்று.

தாராவியின் ஓரறை வீட்டில் தையல் இயந்திரமும் தொலைக்காட்சியும் அண்டை வீட்டாரின் உரையாடலும் ஒருங்கே ஒலிக்கும். அங்கே அமைதி எளிதில் கிட்டுவதில்லை. தாழ்ந்த ஒலியில் கேட்கும் வீணையோ புல்லாங்குழலோ அப்பேச்சொலியை ஓரளவு மறைக்கும். படம் வரையும்போது பாட்டும் பெரிதாகத் தடுக்காது. செய்யுளை மனப்பாடம் செய்யும்போதுதான் அது சொல்லோடு சொல்லாகக் கலந்துவிடுகிறது.